அழைத்த குரலும் கேட்ட மனமும்

1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள், சனிக்கிழமை. பிலிப்பைன்ஸ் நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும், படைகளின் துணைத் தலைமைத் தளபதி ராமோசும் அதிபர் மார்க்கோசைக் கைவிட்டு, சிறியதொரு படையுடன் மணிலாவின் இராணுவ முகாம்களில் அடைக்கலம் புகுந்தனர். அதிபரின் படைகள் எந்நேரமும் அவர்களைத் தாக்கலாம் என்ற நிலை. அன்றிரவு கத்தோலிக்கத் திருச்சபையின் வேரித்தாஸ் வானொலியில் கர்தினால் ஹைமே சின் அவர்களின் குரல் ஒலித்தது. முகாமில் இருப்போருக்குத் துணையாகச் செல்லுங்கள், அவர்களுக்கு உணவு கொண்டு செல்லுங்கள் என்பதே அவ்வழைப்பின் சாரம். மக்கள் சென்றனர். முகாம்களுக்கு இடையே ஓடும் எட்சா நெடுஞ்சாலை இரவோடிரவாக மனிதர்களால் நிறைந்தது. நான்கே நாளில், 25-ஆம் தேதி இரவு, இருபது ஆண்டுகள் ஆண்ட மார்க்கோஸ் நாட்டைவிட்டு வெளியேறினார்.

அந்த வேரித்தாஸ் என்ற பெயர் நமக்கு அந்நியமானதன்று. அதே நிறுவனத்தின் வெளிநாட்டுச் சேவை தமிழிலும் ஒலித்தது. சிற்றலை வரிசையில் இரைச்சலுக்கிடையே அக்குரலைத் தேடிப் பிடித்த மாலை நேரங்களை நம்மில் மூத்தோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே அந்த நான்கு நாள் நிகழ்ச்சியை நாம் வேற்று நாட்டாரின் செய்தியாக மட்டும் படிப்பதில்லை. 'நம் வானொலி' செய்த நற்செயல் என்று சற்றே பெருமையோடும் நினைவுகூர்கிறோம்.

அந்தப் பெருமைக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அம்மக்களைத் தெருவுக்குக் கொணர்ந்தது அவர்களுடைய மனச்சாட்சியா, அல்லது வானொலி என்னும் கருவியா? கருவிதான் என்றால், அவர்களைப் புகழ்வதில் பொருள் உண்டா? மனச்சாட்சிதான் என்றால், கருவிக்கு அதில் என்ன பங்கு? ஒரு காலத்தில் வானொலிப் பெட்டியும் இன்று கைப்பேசியும் நம் வீட்டுக்குள் நுழைந்து நம்மை அழைக்கின்றன. எனவே இக்கேள்வி நம்மையும் தொடுகிறது.

மக்லூகன் வகுத்த பாகுபாடு

தொடர்புச் சாதனங்களைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் ஒருவர் மார்ஷல் மக்லூகன். கனடா நாட்டவர், 1911-இல் பிறந்து 1980-இல் மறைந்தவர். 1937-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். டொரொண்டோவில் புனித மிக்கேல் கல்லூரியில் நெடுங்காலம் இலக்கியம் கற்பித்தவர். 1964-இல் வெளிவந்த அவரது நூல், செய்தியைக் காட்டிலும் அதைச் சுமந்து வரும் சாதனமே மனிதரை மிகுதியாக மாற்றுகிறது என்று வாதிட்டது. நாம் வழக்கமாக என்ன சொல்லப்பட்டது என்பதையே கவனிக்கிறோம். எதன் வழியாகச் சொல்லப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம் என்பது அவர் குறை.

அந்நூலில் அவர் சாதனங்களைச் சூடானவை என்றும் குளிர்ந்தவை என்றும் இரண்டாகப் பிரித்தார். சூடான சாதனம் ஒரே ஒரு புலனுக்குச் செறிவான விவரத்தை ஊட்டுவது. கேட்பவரோ பார்ப்பவரோ தம் பங்குக்கு நிரப்புவதற்கு அதில் அதிக இடமில்லை. குளிர்ந்த சாதனம் குறைவாகத் தருவது. மிச்சத்தை நாமே இட்டு நிரப்ப வேண்டும். வானொலி, திரைப்படம், அச்சு, நிழற்படம் ஆகியவை அவர் கணக்கில் சூடானவை. தொலைபேசி, உரையாடல், கேலிச் சித்திரம், அவர் காலத்துத் தெளிவற்ற தொலைக்காட்சி ஆகியவை குளிர்ந்தவை.

நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஞாயிறு மறையுரை சூடானது. குரு முழுமையாகப் பேசி முடிக்கிறார். நாம் அமர்ந்து கேட்கிறோம். அன்பியக் கூட்டத்தில் நிகழும் இறைவார்த்தைப் பகிர்வு குளிர்ந்தது. ஒருவர் ஒரு வரி சொல்கிறார், இன்னொருவர் தயங்கித் தொடர்கிறார், சற்று நேரம் மௌனம் நிலவுகிறது. அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் அங்கே பொருள் உருவாகிறது. சூடு நல்லது, குளிர் தீயது என்றோ, குளிர் நல்லது, சூடு தீயது என்றோ இதற்குப் பொருளில்லை. இரண்டும் மனிதரிடம் வெவ்வேறு வேலையைச் செய்கின்றன, அவ்வளவே. இப்பாகுபாடு கறாரானதுமன்று. ஒரு சாதனம் எதனோடு ஒப்பிடப்படுகிறது, எத்தகைய சமுதாயத்தில் பயன்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் வெப்பம் மாறும்.

வானொலி மூட்டிய சூடு

மக்லூகன் வானொலியைக் கண்டு அஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். பழங்குடியினரின் முரசு போல அது மனிதரின் அடிமனத்தைத் தட்டி எழுப்பி, அவர்களை ஒரே கூட்டமாக்கிவிடும் என்று அவர் கருதினார். இட்லரின் எழுச்சிக்கு வானொலி பெருந்துணையாயிற்று என்பது அவர் முடிபு.

இந்த அளவுகோலால் அளந்தால், 1986-இன் மணிலாவில் வெறிகொண்ட கூட்டமொன்று எழுந்திருக்க வேண்டும். அதற்கான காரணங்களுக்கும் குறைவில்லை. 1972-இல் இராணுவச் சட்டம் கொணரப்பட்டது. 1983 ஆகஸ்டு 21-இல் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ மணிலா வானூர்தி நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசுக்கு அஞ்சிய செய்தி நிறுவனங்கள் அடக்கி வாசித்தபோது, அவருடைய இறுதி ஊர்வலத்தை மக்களுக்கு எடுத்துச் சொன்னது வேரித்தாஸ். 1986 பிப்ரவரி 7-இல் நடந்த தேர்தலில் மோசடி வெளிப்படையாக நிகழ்ந்தது. வாக்குகளைக் கணினியில் பதிவு செய்துகொண்டிருந்த பணியாளர்களே, எண்ணிக்கை திரிக்கப்படுகிறது என்று கூறி 9-ஆம் தேதி வெளிநடப்புச் செய்தனர். மோசடியால் அதிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும் அரசுக்கு அறநெறி அடிப்படை இல்லை என்று அந்நாட்டு ஆயர் பேரவை அடுத்த சில நாள்களில் அறிவித்தது. இத்தனை கோபமும் சேர்ந்திருந்த உலைக்குள்தான் 22-ஆம் தேதி இரவு வானொலியின் குரல் விழுந்தது.

ஆனால் உலை வெடிக்கவில்லை. 23-ஆம் தேதி கடற்படை வீரர்களின் கவச வண்டிகள் நெடுஞ்சாலையில் வந்தபோது, மக்கள் அவற்றின் முன் அமர்ந்தனர். கன்னியர் செபமாலையுடன் முழங்காலிட்டனர். வீரர்களுக்கு உணவும் பூவும் நீட்டப்பட்டன. வண்டிகள் நின்றன. அன்று விடியுமுன்பே மலோலோசில் இருந்த வேரித்தாசின் ஒலிபரப்புக் கருவிகளை ஆயுதம் தாங்கியோர் அடித்து நொறுக்கியிருந்தனர். சிறிய மாற்றுக் கருவியைக் கொண்டு நிலையம் சில மணி நேரம் தள்ளாடியது; பின்னர் அதன் ஒலிபரப்பாளர்கள் வேறொரு நிலையத்துக்கு இடம் மாறி, மறைவிலிருந்து பேசிக்கொண்டிருந்தனர். குரல் நலிந்த போதும் கூட்டம் கலையவில்லை.

சூடான சாதனம் அழைத்த கூட்டம் ஏன் சூடாகவில்லை? இரண்டு காரணங்கள் நமக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, வானொலி அழைத்த இடம் தெரு. வானொலியில் பொருள் முடிந்துவிடுகிறது. தெருவில் எதுவும் முடிந்திருக்கவில்லை. கவச வண்டியின் மேலிருந்த இளைஞன் சுடுவானா, இறங்குவானா என்பது யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது. எதிரில் நின்ற ஒவ்வொருவரும் தம் முகத்தாலும் கையாலும் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியிருந்தது. மக்லூகனின் மொழியில் சொன்னால், வானொலி மூட்டிய சூட்டை முகத்துக்கு முகம் நிற்பது என்னும் மிகப் பழைய சாதனம் தணித்தது.

இரண்டாவது காரணம் அதைவிட முக்கியமானது. இடைவெளியை நிரப்ப வேண்டிய நேரத்தில் நிரப்புவதற்கு அவர்களிடம் ஏதோ இருந்தது. அகிம்சை வழியை வாழ்நாள் பணியாகக் கொண்ட ழான் கோஸ், ஹில்டகார்டு கோஸ்-மாயர் என்னும் கத்தோலிக்கத் தம்பதியர் 1984-இல் பிலிப்பைன்சுக்கு வந்து, ஆயர்களுக்கும் துறவியருக்கும் பொதுநிலையினருக்கும் பயிற்சி அளித்திருந்தனர். தேர்தலில் வாக்குப் பெட்டிகளைக் காக்கத் தன்னார்வத் தொண்டர்கள் திரளாகப் பணிபுரிந்திருந்தனர். உணவு கொண்டுவாருங்கள் என்று கேட்ட குரலுக்கு ஆயுதம் கொண்டு வராதபடி அம்மக்களின் மனம் முன்பே உழப்பட்டிருந்தது. உழாத நிலத்தில் விழுந்திருந்தால் அதே குரல் என்ன விளைத்திருக்கும்?

அதே வெப்பம், வேறொரு நாடு

அதற்கு விடை 1994-இல் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் 'ஆயிரம் குன்றுகளின் வானொலி' என்று பெயர் கொண்ட நிலையம் ஒன்று 1993 முதல் ஒலித்துவந்தது. துட்சி இனத்தாரைக் கரப்பான்பூச்சிகள் என்று அது அழைத்தது. ஏப்ரல் திங்களில் படுகொலை தொடங்கியதும், கொல்லப்பட வேண்டியோர் யார், அவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்றுகூட அறிவித்தது. ஏறக்குறைய நூறு நாளில் மடிந்தோர் சுமார் 8 இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது. அந்நாட்டு மக்களுள் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். அடைக்கலம் தேடிக் கோவிலுக்குள் புகுந்தோர் கோவிலுக்குள்ளேயே கொல்லப்பட்டனர். திருச்சபையின் மக்களும் பணியாளர்களும் அதில் இழைத்த குற்றங்களுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2017-இல் மன்னிப்பு வேண்டினார். அந்நிலையத்தை நிறுவியோருள் இருவரை ஐக்கிய நாடுகளின் நீதிமன்றம் 2003-இல் குற்றவாளிகள் எனத் தீர்த்தது.

மணிலாவிலும் வானொலி, ருவாண்டாவிலும் வானொலி. இரண்டும் சூடானவை. இரண்டையும் கேட்டவர்களில் பெரும்பாலோர் கையில் செபமாலை வைத்திருந்தவர்கள். ஒருவர் கை உணவுப் பொட்டலத்தை எடுத்தது. மற்றவர் கை வெட்டரிவாளை எடுத்தது. எனவே சாதனத்தின் இயல்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற கொள்கையை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. சாதனம் வெப்பத்தைத் தருகிறது. அவ்வெப்பத்தில் வேகப்போவது அப்பமா, அண்டை வீட்டுக்காரனா என்பதை அது முடிவு செய்வதில்லை. சொல்லப்பட்டது உண்மையா பொய்யா, அன்பா பகையா என்னும் பழைய கேள்விகள் அழியவில்லை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, அவற்றைப் பயன்படுத்துவோர் அனைவருக்கும் அறநெறிக் கடமை உண்டென்று வலியுறுத்தியது; கேட்போரையும் பார்ப்போரையும் அது அக்கடமையிலிருந்து விலக்கவில்லை. கேட்பதும் ஒரு செயல்தான்.

குளிர்ந்த சாதனமும் அதன் வட்டமும்

அப்படியானால் குளிர்ந்த சாதனம் பாதுகாப்பானதா? எல்லாரும் பங்கேற்று நிரப்பும் சாதனத்தில் ஒற்றைக் குரலின் ஆபத்து இல்லை அல்லவா? மீண்டும் மணிலாவே நமக்குப் பாடம் சொல்கிறது.

2001 சனவரியில் அதிபர் எஸ்திராடா மீதான ஊழல் விசாரணை செனட் அவையில் நடந்தது. நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. 16-ஆம் தேதி, முக்கிய சான்று அடங்கியதாகக் கருதப்பட்ட உறையைத் திறப்பதில்லை என்று 11-க்கு 10 என்ற வாக்கில் முடிவாயிற்று. அன்றிரவே கைப்பேசிகளில் குறுஞ்செய்திகள் பறந்தன. எட்சாவுக்கு வாருங்கள், கருப்பு உடையில் வாருங்கள் என்ற அளவில் மிகச் சுருங்கிய செய்தி. 160 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டிய அந்தச் சாதனத்தில் விளக்கத்துக்கு இடமில்லை. யார் அனுப்பியது, ஏன், எத்தனை பேர் வருவர் என்பதையெல்லாம் பெற்றவரே இட்டு நிரப்பித் தம் நண்பருக்கு அனுப்பினார். மக்லூகனின் இலக்கணப்படி இதைவிடக் குளிர்ந்த சாதனம் அரிது. 20-ஆம் தேதி எஸ்திராடா மாளிகையை விட்டு அகன்றார். குளோரியா அரோயோ பதவியேற்றார்.

ஆயின் அதே ஆண்டு ஏப்ரல் 25-இல் எஸ்திராடா கைது செய்யப்பட்டபோது, அதே எட்சாவில், அமைதியின் அன்னைக்கு எழுப்பப்பட்ட அதே திருத்தலத்தின் முன் மற்றொரு கூட்டம் திரண்டது. இவர்கள் குடிசைவாழ் ஏழைகள். எஸ்திராடா ஒரு காலத்தில் திரைப்பட நடிகர். ஏழைக்காகச் சண்டையிடும் நாயகனாகவே நடித்துப் புகழ் பெற்றவர். திரைப்படம் என்னும் சூடான சாதனம் பல ஆண்டுகளாக அவர்கள் மனத்தில் வரைந்திருந்த உருவத்தை ஒரு விசாரணையால் அழிக்க முடியவில்லை. படித்த வகுப்பார் இக்கூட்டத்தை எள்ளினர். அழுக்கானவர்கள், பல்லில்லாதவர்கள், பணத்துக்கு வந்தவர்கள் என்றனர். மே முதல் நாள் அக்கூட்டம் அதிபர் மாளிகையை நோக்கிச் சென்றது. வன்முறை வெடித்தது, உயிர்கள் பலியாயின.

நம் நெஞ்சைக் குத்தும் காட்சி இதுவே. சனவரியில் கூடியோர் தம்மை 'மக்கள்' என்று அழைத்துக்கொண்டனர்; ஏப்ரலில் கூடியோரைக் 'கும்பல்' என்றனர். குளிர்ந்த சாதனம் தன்னுள் இருப்போரையெல்லாம் பங்கேற்க வைக்கிறது. ஆனால் அதன் வட்டத்துக்கு வெளியே இருப்போர் யார் என்பதை உள்ளிருப்போர் கேட்பதில்லை. நண்பர் நண்பருக்கு அனுப்பிய செய்தி நண்பரல்லாதவரைச் சேராது. எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று தோன்றும். உண்மையில் வந்திருப்போர் நம்மைப் போன்றவர்கள். 1991-லேயே பிலிப்பைன்ஸ் திருச்சபை தன் இரண்டாம் பொதுச் சங்கத்தைக் கூட்டி, ஏழைகளின் திருச்சபையாக விளங்குவோம் என்று உறுதி பூண்டிருந்தது. பத்தே ஆண்டில் அந்த ஏழைகள் திருத்தலத்தின் வாசலுக்கு வந்தபோது, அவர்களை அடையாளம் காண்பது அத்தனை எளிதாக இருக்கவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. 1986-இல் துரத்தப்பட்டவரின் மகன் 2022-இல் மிகப் பெரும் வாக்கு வேறுபாட்டில் அந்நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இராணுவச் சட்டத்தின் காலம் ஒரு பொற்காலம் என்ற கதை அதற்கு முன் பல ஆண்டுகளாகக் கைப்பேசித் திரைகளில் துண்டு துண்டாகப் பரவியிருந்தது. எல்லாப் பழியையும் அத்துண்டுகளின் மேல் போடுவது நேர்மையாகாது. எட்சாவுக்குப் பிறகும் நிலமும் அதிகாரமும் சில குடும்பங்களிடமே தங்கிவிட்டன. ஏமாந்தவர்கள் பழையதைப் பொன்னாகக் காண்பது மனித இயல்பு. எனினும், நிரப்பப்பட வேண்டிய இடைவெளியை உண்மையால் நிரப்ப முதியோர் தவறினால், இளையோர் ஆசையால் நிரப்பிக்கொள்வர் என்பது அங்கே மெய்ப்பட்டது.

நமக்கான கேள்வி

தொலைதூர நாடுகளைப் பற்றி இத்தனை நேரம் பேசிவிட்டு நம்மைத் தப்பவிடுவது முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்பியத்தாரின் கைப்பேசிக் குழுவில் ஒரு படம் வந்தது. வேறொரு சமுதாயத்தார் நம் வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்தினர் என்ற ஒற்றை வரியும் அதனுடன் வந்தது. நாமும் அதை மற்றவர்க்கு அனுப்பினோம். இரு நாள் கழித்து, அது வேறொரு நாட்டில், வேறொரு காரணத்தால் நிகழ்ந்த தீ விபத்தின் பழைய படம் என்று தெரிந்தது. எவருக்கும் தீங்கு நேரவில்லை, இறைவனுக்கு நன்றி. ஆனால் நமக்குள் நேர்ந்ததை மறைக்க முடியுமா? அந்த ஒற்றை வரியின் இடைவெளிகளை யாரும் சொல்லித்தராமலே நம் நெஞ்சில் கிடந்த அச்சத்தாலும் வெறுப்பாலும் நாமே நிரப்பியிருந்தோம். பொய்யில் பாதி அனுப்பியவருடையது, மறுபாதி நம்முடையது.

நம் ஆண்டவர் குளிர்ந்த சாதனத்தை அறிந்திருந்தார். அவர் சொன்ன உவமைகள் அனைத்தும் இடைவெளி உள்ளவை. நல்ல சமாரியர் கதையின் முடிவில் விடையைத் தாம் சொல்லாமல், கேட்டவரிடமே கேள்வியைத் திருப்பிவிடுகிறார். ஊதாரி மகனின் அண்ணன் விருந்துக்குள் நுழைந்தானா இல்லையா என்பது சொல்லப்படவே இல்லை. நாம்தாம் வாசலில் நின்று முடிவு செய்ய வேண்டும். அவர் சூடான சொல்லையும் தவிர்க்கவில்லை. கோவிலில் சாட்டை எடுத்த நாளும் உண்டு. ஆனால் கூட்டத்தின் சூட்டை அவர் ஒருபோதும் நம்பவில்லை. குருத்தோலை பிடித்து ஆர்ப்பரித்த நகரமே சில நாள்களில் சிலுவையைக் கேட்டது.

ஆதலின், சூடான குரல் நம்மை அழைக்கும்போது நாம் செய்ய வேண்டியது ஒன்று: எழுவதற்கு முன் ஒரு கணம் நின்று, அது கையில் எதை எடுக்கச் சொல்கிறது என்று பார்ப்பது. குளிர்ந்த செய்தி நம் கைக்கு வரும்போது செய்ய வேண்டியது மற்றொன்று: மிச்சத்தை நிரப்புவதற்கு முன், நிரப்பப்போவது உண்மையையா, நம் விருப்பத்தையா என்று கேட்பது, இந்த வட்டத்தில் இல்லாதவர் யார் என்றும் கேட்பது. இரண்டும் சிறிய செயல்கள். ஆனால் அவற்றை எந்தச் சாதனமும் நமக்காகச் செய்து தராது.

எட்சா நெடுஞ்சாலையில் கவச வண்டியின் முன் முழங்காலிட்ட அக்கன்னியரை நினைக்கிறோம். அங்கே வரச் சொன்னது வானொலி. வண்டி உறுமிக்கொண்டு நெருங்கியபோது எழுந்து ஓடாமல், கல்லெடுத்து எறியாமல், மணிகளை உருட்டிக்கொண்டே எதிரில் இருந்த இளைஞனின் முகத்தைப் பார்த்தது யாருடைய முடிவு? அழைத்த குரலின் முடிவு அன்று. பல்லாண்டு செபத்திலும் பணியிலும் பக்குவப்பட்ட மனத்தின் முடிவு. அத்தகைய மனத்தை நாம் நம் பிள்ளைகளுக்கு எப்போது, எவ்விதம் அளிக்கப்போகிறோம்? அழைப்பு வருவதற்கு முன்பே அதைச் செய்தாக வேண்டும்.